நாகர்கோவில் பக்கத்து 10 மீட்டர் ரேஞ்ச்: போர்டில் எழுதாத செலவுகள்

நாகர்கோவிலைத் தாண்டி தக்கலை ரோட்டில் இருக்கிற இந்த ஏர் ரைஃபிள், ஏர் பிஸ்டல் ரேஞ்சின் கட்டணம் வாசல் போர்டிலேயே இருக்கிறது. சேர்க்கை 1,000 ரூபாய். ஒருவர் நின்று சுடும் தடத்துக்கு லேன் என்று பெயர்; காகிதக் கார்டில் சுடும் பேப்பர் லேன் மாதம் 2,500, ஷாட் விழுந்த இடத்தைத் திரையில் காட்டும் எலக்ட்ரானிக் லேன் 4,000. வாரம் 5 நாள், நாளுக்கு ஒன்றரை மணி நேரம். ரேஞ்சின் துப்பாக்கியை எடுத்துச் சுட வாடகை கிடையாது, கோச் சம்பளமும் இதற்குள் அடக்கம். கேட்டதும் மலிவாகத் தோன்றும், மலிவுதான். ஆனால் ஒழுங்காகச் சுட ஆரம்பித்துவிட்டால் இந்த 2,500 மாதச் செலவில் பாதிகூட வராது. மீதி எங்கே போகிறது, அதில் எதைத் தவிர்க்கலாம், நடத்துகிறவர்கள் எந்த இடத்தில் தப்பாக மிச்சம் பிடிக்கிறார்கள் என்பதைத்தான் இங்கே எழுதுகிறோம். குறைகளும் வருவதால் பெயர் வேண்டாம்.

முதலில் கட்டடம். 6 லேன். ஐஎஸ்எஸ்எஃப் (துப்பாக்கிச் சுடுதலின் உலக அமைப்பு) விதிப்படி ஒருவர் நின்று சுடும் இடத்துக்குக் குறைந்தது 1 மீட்டர் அகலம் வேண்டும், சுடும் கோட்டிலிருந்து டார்கெட் முகம் வரை 10 மீட்டர், 5 சென்டிமீட்டர் முன்பின் போகலாம். டார்கெட்டின் நடுப்புள்ளி சுடும் தரையிலிருந்து 1.40 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும், அதிலும் 5 சென்டிமீட்டர்தான் சலுகை. டேப் வைத்து அளந்தால் இங்கே தூரம் சரி. உயரத்தில் கடைசி இரண்டு லேன் தாழ்ந்திருக்கிறது. சுடும் இடத்தில் பிற்பாடு ரப்பர் மேட் போட்டதில் தரை உயர்ந்ததுதான் காரணம். மேட்டின் கனத்துக்கு டார்கெட் சட்டத்தை ஏற்றி மாட்டினால் தீர்ந்துவிடும், பைசா செலவில்லை. புதிதாகப் பழகுகிறவருக்கு இது தெரியாது. உடம்பைத் தாழ்த்தி நிற்கப் பழகிவிட்டு, போட்டிக்குப் போன இடத்தில் எல்லாக் குண்டும் கீழே இறங்குகிறதே என்று விழிப்பார். சேருவதானால் முதல் நான்கு லேனில் ஒன்றைக் கேளுங்கள்.

வெளிச்சம் நன்றாக இருக்கிறது. டார்கெட்டில் குறைந்தது 1,500 லக்ஸ், ஹாலில் பொதுவாக 300 லக்ஸ் என்பது விதி. ஒவ்வொரு டார்கெட்டுக்கும் மேலே தனி எல்இடி விளக்கு, சுடுகிறவர் கண்ணில் அடிக்காதபடி முன்னால் தகடு மறைப்பு, எல்லாம் சரியாகச் செய்திருக்கிறார்கள். மலிவான எல்இடி பட்டைகளில் டிரைவர் (மின்சாரத்தைச் சீராக்கும் பகுதி) சரியில்லாமல் வெளிச்சம் துடிக்கும். குறிபார்க்கும் சைட்டின் சின்னத் துளை வழியே பார்க்கும்போது அந்தத் துடிப்பு அரைமணி நேரத்தில் கண்ணைக் களைப்பாக்கிவிடும். இங்கே அந்தப் பிரச்சினை இல்லை. போன் கேமராவைத் திறந்து விளக்கைப் பார்த்தால் வரிவரியாக ஓடுகிறதா என்று நீங்களே சோதித்துக்கொள்ளலாம்.

இனி பெல்லட், அதாவது சுடுகிற ஈயக் குண்டு. செலவின் பெரும்பங்கு இதில்தான்.

போட்டியில் 60 ஷாட். அதற்கு முன் குறி சரிபார்க்கும் சைட்டிங்குக்கு 15, 20. ஒரு முழுப் பயிற்சி என்றால் 80 என்று வையுங்கள். வாரம் 5 நாளைக்கு 400, மாதம் 1,700க்கு மேல். ஒரு டின்னில் 500 பெல்லட். மாதம் மூன்றரை டின். ஆர்டபிள்யூஎஸ் ஆர்10, எச்&என் ஃபினாலே மேட்ச் போன்ற ஜெர்மன் மேட்ச் பெல்லட் டின் ஒன்று ஆயிரத்துக்கு மேல்தான், கடைக்குக் கடை விலை மாறும். ஆக, மாதம் 3,500 முதல் 4,500 வரை ஈயத்துக்கு மட்டும். பேப்பர் லேன் கட்டணத்தைவிட இது அதிகம்.

இந்த ரேஞ்ச் பெல்லட்டை 100 எண்ணம் வீதம் சில்லறையாகக் கவரில் போட்டு விற்கிறது. தயவுசெய்து வாங்காதீர்கள். விலை கூடுதல் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், பெல்லட் மிருதுவான ஈயம், பின்பக்கப் பாவாடை விளிம்பு காகிதம்போல மெல்லியது. கவரில் குலுங்கினால் நசுங்கும். நசுங்கிய பெல்லட் பின்னால் காற்று ஒருபக்கமாகக் கசிந்து தனியாக ஒரு ஷாட் விலகிப் போகும். ரைஃபிள் டார்கெட்டில் 10 என்பது வெறும் 0.5 மில்லிமீட்டர் புள்ளி, 9 வளையத்தின் விட்டம் 5.5 மில்லிமீட்டர். அவ்வளவு சிறிய இடத்தில், விலகிய ஷாட் தன் கைத்தவறா பெல்லட் தவறா என்று தெரியாமல் குழம்புவதற்குக் காசும் கொடுத்ததாக ஆகும். டின்னாக வாங்குங்கள். டின்னின் அடியில் தலை அளவு 4.49, 4.50 என்று ஒட்டியிருக்கும். ஒரே அளவை வாங்கிக்கொண்டே இருங்கள். ரைஃபிளுக்கு 0.53 கிராம், பிஸ்டலுக்கு 0.45 கிராம் எடை பொதுவாகப் போதும். உங்கள் பேரலுக்கு எந்த அளவு ஒத்துவருகிறது என்று பார்க்க, துப்பாக்கியை வைஸில் (ஆடாமல் இறுக்கிப் பிடிக்கும் கருவி) பிடித்து ஒவ்வொரு அளவிலும் 10 ஷாட் சுட்டு ஓட்டையின் பரப்பை ஒப்பிட வேண்டும். அதற்கான வைஸ் இங்கே இருக்கிறது, கேட்டால் கோச்சே பிடித்துக் கொடுக்கிறார். இந்த வசதி பல பெரிய ஊர் ரேஞ்சிலேயே இல்லை.

முதல் மூன்று மாதம் மேட்ச் பெல்லட்டே வேண்டாம். நிற்கும் நிலை, மூச்சு, டிரிகர் எதுவும் படியாத ஆள் எதைச் சுட்டாலும் 8லும் 7லும்தான் விழும். பயிற்சித் தர பெல்லட் பாதி விலைக்குக் கிடைக்கிறது. நாளுக்கு 30, 40 ஷாட்டும் மீதி நேரம் குண்டு போடாமல் டிரிகரை மட்டும் அழுத்திப் பழகும் டிரை ஃபயரும் போதும். டிரை ஃபயருக்குக் காற்றும் வேண்டாம், ஈயமும் வேண்டாம், லேன்கூட வேண்டாம். வீட்டுச் சுவரில் டார்கெட்டைச் சின்னதாக்கி ஒட்டிவிட்டுச் செய்யலாம். ரேஞ்ச்காரர்கள் இதை அவ்வளவாகச் சொல்லிக்கொடுப்பதில்லை. பெல்லட் விற்கிறவர் எப்படிச் சொல்வார்?

எலக்ட்ரானிக் லேனுக்கு 1,500 கூடுதல். அது தேவையா என்பது நீங்கள் எதைச் சுடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஏர் ரைஃபிள் தகுதிச்சுற்றில் தசமத்தில் மதிப்பெண், ஒரு ஷாட்டுக்கு அதிகபட்சம் 10.9. பேப்பரில் 10.2 எது 10.6 எது என்று கண்ணால் சொல்ல முடியாது. ஆகவே ஓரளவு தேறிவிட்ட ரைஃபிள்காரருக்கு எலக்ட்ரானிக் லேன் பயன்படும். ஏர் பிஸ்டல் தகுதிச்சுற்றிலோ முழு எண்தான். அதன் 10 வளையம் 11.5 மில்லிமீட்டர், பேப்பரிலேயே பளிச்சென்று தெரியும். பிஸ்டல் பழகுகிற பிள்ளைக்கு மாதம் 1,500 கூடுதலாகக் கட்டுவது திரையில் பச்சைப்புள்ளி பார்க்கிற சந்தோஷத்துக்கு மட்டும்தான்.

அந்த எலக்ட்ரானிக் டார்கெட்டின் பராமரிப்பும் சொல்லிக்கொள்கிறபடி இல்லை. இங்கே இருப்பது ஒலியை வைத்துக் கணக்கிடும் வகை. பெல்லட் கறுப்புப் பட்டையைத் துளைக்கும் சத்தம் மூலைகளில் உள்ள மைக்குகளுக்கு எந்த நேர வித்தியாசத்தில் வந்து சேர்கிறது என்பதை வைத்து இடத்தைக் கணிக்கும். ஒவ்வொரு ஷாட்டுக்கும் பட்டை கொஞ்சம் நகர வேண்டும். நகராமல் ஒரே இடத்தில் ஓட்டை பெரிதானால் அடுத்த பெல்லட் எதையும் தொடாமல் போகும். திரையில் ஷாட் பதிவாகாது, அல்லது தப்பான இடத்தில் பதிவாகும். பட்டை ரோல் செலவை மிச்சம் பிடிக்க நகரும் அளவைக் குறைத்து வைத்திருக்கிறார்கள் போலிருக்கிறது, ஒரே இடத்தில் நெருக்கமாகச் சுடுகிறவருக்குத்தான் அதிகம் இடறுகிறது. இதோடு கடல்காற்று வேறு. கனெக்டர் பின்களில் உப்புப் பூத்து திடீரென்று லேன் செத்துவிடும். மழைக்காலத்தில் கரண்ட் போய்ப்போய் வரும்போது யுபிஎஸ் இல்லாத லேனில் பாதி மேட்ச் பறந்துவிடும். இரண்டு எலக்ட்ரானிக் லேனில் ஒன்றுக்குத்தான் யுபிஎஸ் இருக்கிறது.

பேப்பர் லேனில் நாளுக்கு 10 கார்டு இலவசம், மேலே வேண்டுமானால் கார்டு 3 ரூபாய். ஒரு கார்டில் 5 ஷாட் என்றால் 80 ஷாட்டுக்கு 16 கார்டு. ஆக நாளுக்கு 18 ரூபாய், மாதம் நானூறை ஒட்டி. கார்டின் தரம் நல்லது, ஓட்டை வட்டமாக விழுகிறது. ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் இதே கார்டு ஈரம் குடித்து வளைந்து, ஓட்டையின் ஓரம் பிய்ந்து, ஓட்டையை அளக்கும் கேஜ் போட்டுப் பார்த்தாலும் 9ஆ 10ஆ என்று சண்டை வரும். கார்டு கட்டை மூடியிட்ட டப்பாவில் வைத்தால் போதும். இங்கே திறந்த அலமாரியில் கிடக்கிறது.

காற்று. இந்தத் துப்பாக்கிகள் சிலிண்டரில் அடைத்த அழுத்தக் காற்றால் சுடுபவை. சொந்த ரைஃபிள் கொண்டுவருகிறவர்களுக்கு ஒரு முறை நிரப்ப 50 ரூபாய். பெரும்பாலான மேட்ச் ரைஃபிள் சிலிண்டரின் காற்றழுத்தம் 200 பார், சில புதியவை 300. இங்கே 12 லிட்டர் ஸ்கூபா டேங்க் ஒன்று இருக்கிறது, அதைச் சிறிய மின் கம்ப்ரசரால் 232 பார் வரை ஏற்றுகிறார்கள். கணக்கு பாருங்கள்: 0.2 லிட்டர் ரைஃபிள் சிலிண்டரை 100லிருந்து 200 பாருக்கு ஏற்ற சுமார் 20 லிட்டர் காற்று போகும். டேங்க் 232லிருந்து 200க்கு இறங்குவதற்குள் கொடுப்பது 384 லிட்டர். அதாவது 19 பேருக்கு முழுதாக நிரப்பலாம். அதன் பிறகு வருகிறவருக்கு 190, 180 என்றுதான் கிடைக்கும், ஆனால் 50 ரூபாய் அதே 50 ரூபாய்தான். அழுத்தம் காட்டும் கேஜைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். சனிக்கிழமை மாலை கூட்டத்துக்குப் பிறகு நிரப்பப் போகாதீர்கள்.

இந்த ஊரில் காற்றைவிடக் காற்றிலிருக்கிற தண்ணீர்தான் வில்லன். 30 டிகிரி, 80 சதவீத ஈரப்பதம் என்பது நம் பக்கம் சாதாரணம். அப்படிப்பட்ட காற்றில் ஒரு கனமீட்டருக்கு 24 கிராம் தண்ணீர் இருக்கும். 12 லிட்டர் டேங்கை வெறுமையிலிருந்து 200 பாருக்கு ஏற்ற 2.4 கனமீட்டர் காற்று வேண்டும். ஏறக்குறைய 55, 60 மில்லி தண்ணீர் கூடவே வருகிறது. கம்ப்ரசரின் வடிகால் வால்வைச் சில நிமிடத்துக்கு ஒருமுறை திறந்து இதை வெளியேற்ற வேண்டும், ஈரம் உறிஞ்சும் ஃபில்டர் கார்ட்ரிட்ஜையும் காலாகாலத்தில் மாற்ற வேண்டும். தவறினால் தண்ணீர் டேங்குக்குள், அங்கிருந்து உங்கள் சிலிண்டருக்குள், அங்கிருந்து ஷாட்டுக்குப் போகும் அழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டருக்குள். ரெகுலேட்டரில் துரு விழுந்தால் ஷாட்டுக்கு ஷாட் வேகம் மாறும், குண்டு மேலும் கீழுமாக விழும். சர்வீசுக்கு நம் மாவட்டத்தில் ஆளில்லை. அனுப்பி வாங்க வாரக்கணக்கில் ஆகும். இங்கே வடிகாலை முறையாகத் திறக்கிறார்கள். ஃபில்டர் எப்போது மாற்றினோம் என்று எழுதிவைக்கும் பழக்கம் மட்டும் இல்லை. கேட்டால் ‘போன மாசம்தான்’ என்பார்கள். எப்போது கேட்டாலும்.

கூடவே இரண்டு எச்சரிக்கை. சிலிண்டர், ஓ-ரிங் (காற்று கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம்), நிரப்பும் அடாப்டர் எதிலும் சாதாரண எண்ணெய், கிரீஸ் போடக் கூடாது; உயர் அழுத்தக் காற்றில் அது பற்றி வெடிக்கும். சிலிக்கான் கிரீஸ் மட்டும், அதுவும் துளி. அடுத்தது, ஜெர்மன், ஆஸ்திரிய மேட்ச் துப்பாக்கிகளின் சிலிண்டர் பலவற்றுக்கும் உற்பத்தித் தேதியிலிருந்து 10 ஆண்டுதான் ஆயுள், தேதி சிலிண்டரிலேயே பொறித்திருக்கும். பழைய ரைஃபிள் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்குகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது பேரலை அல்ல, அந்தத் தேதியை. காலாவதியான சிலிண்டரோடு போட்டிக்குப் போனால் அதன் பொறுப்பு சுடுகிறவர் தலையில்தான். ரேஞ்சின் ஸ்கூபா டேங்குக்கும் ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணீர் அழுத்தத்தில் டேங்கின் பலத்தைச் சோதிப்பது) தேதி உண்டு, கழுத்தருகே பொறித்திருக்கும். கேட்டதும் காட்டினார்கள், தேதிக்குள்தான் இருக்கிறது.

இப்போது பெரிய குறை. ஏசி. ஹாலில் இரண்டு 2 டன் ஏசி, ஆனால் மாலை 4 மணி பேட்ச் வந்த பிறகுதான் போடுகிறார்கள், 7 மணிக்கு நிறுத்திவிடுகிறார்கள். காலை பேட்ச்சுக்குப் பெடஸ்டல் ஃபேன். உடம்பு ஆடாமல் தாங்கும் விறைப்பான கேன்வாஸ் ஜாக்கெட்டும் பேண்ட்டும் போட்டு 5 கிலோ ரைஃபிளைத் தூக்கி நிற்கிறவருக்கு 20 நிமிடத்தில் வியர்வை கண்ணுக்குள் இறங்கும். ஃபேனை முன்னால் திருப்பினால் டார்கெட் கார்டு ஆடும். நடத்துகிறவர் பக்கமும் பார்க்க வேண்டும். ஹால் வாடகை 18,000, கோச் 25,000, பராமரிப்பும் கார்டும் 5,000 என்று வைத்தாலே 48,000. ஏசி இரண்டும் நாளுக்கு 7 மணி நேரம் ஓடினால் 25 யூனிட் போகும், மாதம் 25 நாளைக்கு 625. வணிக இணைப்பில் யூனிட் பத்து ரூபாயை ஒட்டி வருவதால் ஆறாயிரத்துக்கு மேல். 25 பேர் பேப்பர் லேன் கட்டணம் கட்டினால் 62,500 வருமானம். கையில் நிற்பது சொற்பம், துப்பாக்கி வாங்கிய முதலுக்கு வட்டியே அதில் போய்விடும். ஆனாலும் மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் ஏசி அல்ல. ஈரம் இறங்காத ஹாலில் எட்டு ரேஞ்ச் துப்பாக்கியும் பெட்டிக்குள் துருப்பிடிக்கின்றன. ஒரு பேரலை மாற்றுகிற செலவு பல மாதக் கரண்ட் பில். மாதக் கட்டணத்தில் 200 கூட்டிக் காலையிலும் ஏசி போட்டால் யாரும் முணுமுணுக்க மாட்டார்கள்.

சொந்த ரைஃபிள் வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும். ஆனி, ஆடிச் சாரலிலும் ஐப்பசி மழையிலும் ஃபோம் வைத்த பெட்டிக்குள் ரைஃபிளைப் பூட்டி வைக்காதீர்கள். ஃபோம் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். வெளியே எடுத்து, சிலிக்கான் துணியால் துடைத்து, ஏசி அறையிலோ சிலிக்கா ஜெல் போட்ட அலமாரியிலோ நிறுத்துங்கள். ஜாக்கெட்டைத் தோள் அகலமான ஹேங்கரில் விரித்து மாட்டுங்கள். மடித்தால் பூஞ்சையும் பிடிக்கும், மடிப்பில் விறைப்பும் போகும்.

ஜாக்கெட் பற்றிச் சொல்ல வேண்டும். ரேஞ்சில் பொது ஜாக்கெட் நான்கு இருக்கிறது, எதுவும் யாருக்கும் பொருந்தாது, வாடையும் உண்டு. இந்தியத் தயாரிப்பில் அளவெடுத்துத் தைத்த ஜாக்கெட், பேண்ட் ஜோடி இருபத்தைந்தாயிரத்துக்கு மேல் வரும். வளர்கிற பிள்ளைக்கு எட்டாம் வகுப்பில் வாங்கினால் பத்தாம் வகுப்பில் மறுபடி வாங்க வேண்டும். ரைஃபிள்காரர்கள் முதல் நான்கு மாதம் தட்டையான அடிப்பாகமுள்ள ஷூ, ஒரு கையுறை, இவ்வளவோடு ஓட்டலாம். பிஸ்டலுக்கு ஜாக்கெட்டே கிடையாது. குடும்பச் செலவு பார்த்து விளையாட்டைத் தேர்ந்தெடுப்பதானால் பிஸ்டல் பக்கம் போகச் சொல்வோம்.

பேரலில் குண்டு இல்லை என்று காட்டுவதற்கான சேஃப்டி ஃப்ளாக் என்று ஒரு நூலை 150 ரூபாய்க்கு விற்கிறார்கள். ரப்பர் தோட்டத்தில் புல் வெட்டும் மிஷினுக்குப் போடும் நைலான் நூலேதான் அது. மார்த்தாண்டத்தில் எந்த விவசாய உபகரணக் கடையிலும் மீட்டர் கணக்கில் கிடைக்கும். பேரலுக்குள் நுழைந்து இரண்டு முனையும் வெளியே தெரிகிற நீளத்துக்குப் பளிச் நிறத்தில் வெட்டிக்கொண்டால் வேலை முடிந்தது.

ஈயத் தூசி விஷயத்தில் ரேஞ்ச் பாதிதான் சரி. டார்கெட்டுக்குப் பின்னால் சாய்ந்த இரும்புத் தகடு, கீழே தட்டு. பெல்லட் மோதி நசுங்கித் தட்டில் விழும். தினம் 20 பேர் 80 ஷாட் என்றால் 850 கிராம் ஈயம், மாதம் 20 கிலோ பக்கம். அதை மூடிய வாளியில் சேர்த்து எடைக்குப் போடுகிறார்கள், நல்லது. ஆனால் டார்கெட் அடியைக் காலையில் வாரியலால் பெருக்குகிறார்கள். பெருக்கினால் தூசி எழும்பி மூச்சில் போகும். ஈரத் துணி மாப்தான் போட வேண்டும், மாப் தண்ணீரைக் கிணற்றடியில் கொட்டக் கூடாது. பிள்ளைகள் விஷயத்தில் இது விளையாட்டில்லை. வளர்கிற உடம்புக்குத்தான் ஈயம் அதிகக் கேடு. வாஷ்பேசினில் சோப்பு பெரும்பாலும் இருப்பதில்லை. பையில் ஒரு சோப்பு போட்டுவிடுங்கள், எதிர்க் கடையில் சாயாவும் பழம்பொரியும் வாங்கும் முன் கை கழுவச் சொல்லுங்கள், பெல்லட்டை வாயில் வைத்துக்கொள்ளும் பழக்கம் இருந்தால் அன்றே நிறுத்துங்கள்.

சட்டப் பக்கம் சிக்கல் இல்லை. ஆயுத விதிகள் 2016 படி 4.5 மில்லிமீட்டர் குறுக்களவும் 20 ஜூலுக்குள் சக்தியும் உள்ள ஏர்கன்னுக்கு லைசென்ஸ் வேண்டாம். மேட்ச் ரைஃபிள் 0.53 கிராம் பெல்லட்டை நொடிக்கு 170 மீட்டர் வேகத்தில் அனுப்பினாலும் 7.7 ஜூல்தான். வாங்கிய பில்லையும் அடையாள அட்டை நகலையும் பெட்டியிலேயே வைத்திருங்கள், சோதனைச் சாவடியில் பேச்சு மிச்சம். 50 மீட்டர் .22 ரைஃபிள் ஆசை இருந்தால் அது லைசென்ஸ் வேண்டிய வேறு உலகம், இந்த ரேஞ்சில் அதற்கு இடமும் இல்லை. போட்டிக்குப் போக மாநிலச் சங்கத்தின் வழியாகப் பதிவு வேண்டும். அந்த வேலையை ரேஞ்சே செய்துகொடுக்கிறது, தனிப் பணம் கேட்பதில்லை.

பேப்பர் லேனுக்கு 5க்கு 4 கொடுக்கலாம், எலக்ட்ரானிக் லேனுக்கு இரண்டரைக்கு மேல் மனம் வரவில்லை. பிஸ்டல் பழகுகிறவருக்கு லேன் 2,500, பயிற்சிப் பெல்லட் 1,000 என்று மாதம் நாலாயிரத்துக்குள் முடியும். மேட்ச் பெல்லட்டும் சொந்த ரைஃபிளுக்குக் காற்றும் எலக்ட்ரானிக் லேனுமாகப் போகிற ரைஃபிள்காரருக்குப் போட்டிப் பயணம் சேர்க்காமலே 8,500ஐத் தாண்டலாம். சேருகிற அன்று மூன்று மாதக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டச் சொல்வார்கள், 500 தள்ளுபடி உண்டு என்பார்கள். ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டுங்கள். காலை பேட்ச்சில் ஏசி போடுவார்களா என்று எழுதி வாங்கிக்கொண்டு பிறகு மீதியைக் கட்டலாம்.